மேக் ஏன் சீட்டைக் கலைக்கிறது?

என் மடிக்கணினியில் ஒரு நாளும் தகராறு செய்யாத பில்ட், அலுவலகத்தின் 32 கோர் சர்வரில் மட்டும் அவ்வப்போது விழுந்தது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சின்னக் குழுவோடு ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) எழுதிக்கொண்டிருந்த காலம் அது. காலையில் ஓட்டினால் பாஸ். மத்தியானம் ஓட்டினால் 'வெர்ஷன் ஹெடர் கோப்பைக் காணோம்' என்று ஒரு வரி. (பதிப்பு எண்ணை மற்ற கோப்புகளுக்குச் சொல்லும் கோப்பு அது.) திரும்ப ஓட்டினால் மறுபடி பாஸ். "இன்னொரு தடவ ஓட்டுங்கண்ணே, சரியாயிரும்" என்பதுதான் வெகுநாள் வரை எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். உண்மையில் அது சரியாகவும் ஆகிவிடும். அதுதான் சிக்கலே.

முதலில் இந்தப் பில்ட் என்பது என்னவென்று பார்த்துவிடலாம். சி மொழியில் எழுதிய ஒரு புரோகிராம் ஒரே கோப்பாக இருப்பதில்லை. 600 கோப்புகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் கம்பைல் செய்து, அதாவது கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, ஒரே புரோகிராமாகச் சேர்ப்பதுதான் பில்ட். ஒவ்வொன்றையும் கம்பைல் செய்ய 2 விநாடி. முழுதாகச் செய்தால் 20 நிமிடம். ஒரு கோப்பில் ஒரு வரியை மாற்றியதற்காக 20 நிமிடம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. மாறியதை மட்டும் கம்பைல் செய்துவிட்டு, மிச்சம் 599-ஐயும் பழையபடி எடுத்துக்கொள்ளும் சாமர்த்தியம் உள்ள மென்பொருளைத்தான் பில்ட் சிஸ்டம் என்கிறோம். எதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை என்று அதற்குத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அடுத்துதான்.

இந்த வகையில் மூத்தது மேக் (make). 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. யாக் என்ற கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் கடுகடுவென்று ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தாராம். சரியாக இருக்கும் புரோகிராமில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிழை தேடியிருக்கிறார். பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார்; திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் மறந்துபோனார். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் மேக். 2003-இல் ஏசிஎம் என்ற கணினியியலாளர் அமைப்பின் மென்பொருள் விருது அதற்குக் கிடைத்தது. மேக்குக்கு வேலைப் பட்டியல் சொல்லும் மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப் எழுத்தோடுதான் தொடங்க வேண்டும் என்ற பொல்லாத விதியும் அன்றே வந்தது. அதை மாற்றலாம் என்று ஃபெல்ட்மன் யோசிப்பதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களாம். பன்னிரண்டு பேருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஸ்பேஸ் அடித்துவிட்டு முழிக்கும் நாமெல்லாம் அந்தப் பன்னிரண்டு பேரின் புண்ணியத்தில் முழிக்கிறோம்.

எது மாறியது என்று மேக் கண்டுபிடிக்கும் விதம் எளிமையானது. கோப்பின் நேர முத்திரையைப் பார்க்கும். மூலக்கோப்பு, அதிலிருந்து செய்த கோப்பைவிடப் புதியதா? புதியது என்றால் மறுபடி செய். அவ்வளவுதான். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். மேக் அப்போது ஆறு வயதுக் குழந்தை. கடிகாரம் பார்த்து வேலை செய்யும் இந்தக் குழந்தை அதில் குழம்பியிருக்காதா என்று தோன்றும். குழம்பியிருக்காது. மேக் ஓடிய யூனிக்ஸ் இயங்குதளம் உள்ளுக்குள் எண்ணுவது 1970 தொடக்கத்திலிருந்து ஓடிய விநாடிகளை. பினாங்கில் மணி என்ன என்பது திரையில் காட்டும்போது மட்டும் வரும் கணக்கு. ஆனால் நெட்வொர்க் டிரைவின் கடிகாரம் மூன்று நிமிடம் முன்னே ஓடினால் மேக் உடனே தடுமாறும். எதிர்காலத்தில் எழுதப்பட்ட கோப்பு ஒன்று கண்ணில் பட்டதாக எச்சரித்துவிட்டு, பில்ட் அரைகுறையாக இருக்கலாம் என்று சொல்லிக் கைகழுவும்.

சரி, என் சர்வருக்கு வருகிறேன். அதைப் புரிய வைக்கத் தைப்பூசத்துக்குப் போக வேண்டும்.

பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் நண்பர்கள் சேர்ந்து போடும் தண்ணீர்ப்பந்தல் ஒன்றில் நான் ஒவ்வொரு வருஷமும் நிற்பேன். காய் நறுக்கும் அளவுக்குத்தான் என்னை நம்புவார்கள். அந்தப் பந்தலின் வேலையை மேக்ஃபைலாக எழுதினால் இப்படி இருக்கும். (கோப்புப் பெயர் தமிழில் இருந்தாலும் மேக் முகம் சுளிப்பதில்லை.)

பந்தல்: சோறு சாம்பார் மோர்
சோறு: கழுவிய_அரிசி
சாம்பார்: பருப்பு புளிக்கரைசல்

புள்ளிகளுக்கு இடப்பக்கம் செய்ய வேண்டியது. வலப்பக்கம் அதற்குத் தேவையானவை. ஒரே ஆள் சமைத்தால் இடமிருந்து வலமாகப் போவார்: சோறு, சாம்பார், மோர். நாலு பேர் இருந்தால் மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம், ஏனென்றால் சாம்பாருக்குச் சோறு தேவை என்று யாரும் எழுதவில்லை.

ஆனால் நடப்பது வேறு. அரிசி கழுவும் அக்கா விடியற்காலை எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுவார். வந்த கையோடு சாம்பார் அண்டாவையும் சேர்த்துக் கழுவி வைத்துவிடுவார். அது அவர் பழக்கம். எந்தப் பட்டியலிலும் இல்லை. ஒரு வருஷம் அவர் பட்டர்வொர்த்திலிருந்து வர அரை மணி நேரம் தாமதம். சாம்பார் அண்ணன் அண்டாவைத் திறந்தால், போன வருஷத்துத் தூசி. அண்டா கழுவ வேண்டும் என்பது சாம்பாரின் தேவை. அத்தனை வருஷமும் அது வரிசையில் ஒளிந்துகொண்டிருந்தது.

எங்கள் ஃபர்ம்வேரிலும் அதே கதைதான். வெர்ஷன் ஹெடரை ஒரு குட்டி ஸ்கிரிப்ட் உருவாக்கும். அது பட்டியலில் முதலில் இருந்தது. மற்ற கோப்புகளுக்கு அது தேவை என்று யாரும் எழுதவில்லை. மடிக்கணினியில் ஒவ்வொன்றாக ஓடியதால் ஹெடர் எப்போதும் முதலில் தயாராகிவிடும். போதாததற்கு நேற்றைய ஹெடர் வேறு அங்கேயே கிடக்கும். சர்வரில் 32 வேலைகள் ஒன்றாகக் கிளம்பும்போது யார் முந்துவார் என்பது அதிர்ஷ்டம். பில்ட் விழுந்தாலும், ஏற்கெனவே தொடங்கிய வேலைகள் முடியும் வரை மேக் காத்திருக்கும். அதற்குள் ஹெடரும் எழுதப்பட்டுவிடும். அதனால்தான் இரண்டாவது தடவை ஓட்டினால் பாஸ்.

இன்று பரவலாகப் புழங்கும் மேக், குனு திட்டத்தின் இலவசப் பதிப்பு. 2022 அக்டோபர் 31-இல் வந்த குனு மேக் 4.4-இல் எனக்கு மிகவும் பிடித்த வசதி இதற்காகவே வந்தது. பெயர் ஷஃபிள். சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல், ஒவ்வொரு பட்டியலிலும் உள்ள தேவைகளின் வரிசையை மேக் வேண்டுமென்றே கலைத்துவிட்டு ஓடும். எழுதிய தேவைகளை அது மீறாது. பருப்பு இல்லாமல் சாம்பார் வைக்காது. எழுதாத பழக்கங்களை மட்டும் உடைக்கும். அக்கா இன்று கடைசியாக வருகிறார் என்று வைத்துக்கொண்டு ஒத்திகை பார்ப்பதுபோல.

இதில் இரண்டு நுணுக்கங்களை நான் ரசித்தேன். கலைத்த பிறகு பில்ட் விழுந்தால், பிழைச் செய்தியின் வாலில் ஒரு எண் வரும். அந்த எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே மாதிரி கலைக்கும். அதிர்ஷ்டத்தில் வந்த பிழையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்து மறுநாள் எடுத்துப் பார்க்கலாம். இரண்டாவது, கலைவது ஓடும் வரிசை மட்டும்தான். கட்டளைக்குள் போகும் கோப்புப் பட்டியல் எழுதியபடியே இருக்கும். லிங்க் செய்யும்போது, அதாவது கம்பைல் ஆனவற்றை ஒன்றாகக் கோக்கும்போது, கோப்புகளின் வரிசை மாறினால் சில நேரம் விளைவும் மாறிவிடும் என்பதால் இந்த ஜாக்கிரதை. எண்ணெல்லாம் வேண்டாம், தலைகீழாக ஓட்டு என்றாலும் கேட்கும். ஒரே கோர் உள்ள பழைய கணினியில்கூட இப்படித் தலைகீழாக ஓட்டி, 32 கோரில் மட்டும் வரும் பிழையைப் பிடித்துவிடலாம். ஆனால் காலி டைரக்டரியிலிருந்து தொடங்க வேண்டும். நேற்றைய ஹெடர் கிடந்தால் ஒன்றும் வெளியே வராது.

அதே 4.4-இல் முன்னால் புள்ளி வைத்த வெயிட் என்று ஒன்றும் வந்தது. பட்டியலின் நடுவில் அதைப் போட்டால், இடப்பக்கம் உள்ளவை முடிந்த பிறகுதான் வலப்பக்கம் தொடங்கும். பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையின் மேக்கில் முன்பே இருந்த வசதிதான். எனக்கு இதன்மேல் அவ்வளவு மோகம் இல்லை. அது போட்ட பட்டியலுக்குள் மட்டும் செல்லும். சாம்பாரை வேறொரு பட்டியலும் கேட்டால் அங்கே இந்தக் காவல் கிடையாது. தேவை இருந்தால் தேவை என்று எழுதிவிடுவதே மேல். அதற்கு முன் 2020 ஜனவரியில் வந்த 4.3 கொடுத்த குழு இலக்கு எவ்வளவோ உருப்படியானது: ஒரே கட்டளை இரண்டு கோப்புகளைச் சேர்த்து உருவாக்கும் என்று சொல்ல முடிந்தது. அதுவரை பல மேக்ஃபைல்களில் அந்தக் கட்டளை இரண்டு தடவை ஓடி, ஒன்றின்மேல் ஒன்று எழுதும்.

அப்புறம் அடுப்புப் பிரச்சினை. பந்தலில் நாலு அடுப்பு. சோற்றுக் குழு, சாம்பார் குழு, பலகாரக் குழு ஒவ்வொன்றும் நாலு அடுப்பும் தனக்கென்று நினைத்து வந்தால் பன்னிரண்டு சட்டி வரிசையில் நிற்கும். ஒரு பெரிய மென்பொருளில் மேக் இன்னொரு மேக்கைக் கூப்பிடும், அது இன்னொன்றை. ஒவ்வொன்றும் 8 வேலை என்று கிளம்பினால் கணினி மூச்சுத் திணறும். குனு மேக் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாட்டின் பெயர் ஜாப்சர்வர். நம்ம பந்தல் அண்ணன் ஆணியில் அட்டை மாட்டி வைப்பார். அட்டை எடுத்தால்தான் அடுப்பு, முடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். மேக்கில் அட்டை என்பது பைப்பில், அதாவது புரோகிராம்கள் தங்களுக்குள் தகவல் கைமாற்றும் குழாயில், கிடக்கும் ஒரு எழுத்து. 8 வேலை என்றால் 7 எழுத்து போட்டு வைக்கும். ஒன்று ஒவ்வொரு மேக்குக்கும் கையோடு வரும் உரிமை. எழுத்தை வாசித்தவர் வேலையைத் தொடங்கலாம். முடித்ததும் எழுத்தைத் திரும்பப் போட வேண்டும். அவ்வளவு எளிய சங்கதி.

முன்பெல்லாம் இந்தப் பைப்புக்குப் பெயர் கிடையாது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறினால்தான் உண்டு. நடுவில் ஒரு ஸ்கிரிப்ட் கையை விட்டுவிட்டால், கீழே இருக்கும் மேக் 'ஜாப்சர்வர் கிடைக்கவில்லை' என்று புலம்பிக்கொண்டு ஒரே ஒரு வேலையோடு நொண்டும். 4.4-இலிருந்து, வசதி உள்ள இயங்குதளங்களில், பைப்புக்கு டிஸ்கில் ஒரு பெயர் இருக்கிறது. ஆணி எந்தச் சுவரில் என்று எல்லாருக்கும் தெரியும். நடுவில் யார் கையை விட்டாலும் நேரே போய் எடுத்துக்கொள்ளலாம். குரோம் உலாவிக்காக ஈவன் மார்ட்டின் எழுதிய நிஞ்ஜா என்ற வேகமான பில்ட் கருவி நெடுநாள் இந்த அட்டை முறைக்குள் வராமலே இருந்தது. 2025-இல் வந்த 1.13 பதிப்பில் அதுவும் வந்து வரிசையில் நின்றது. ரஸ்ட் மொழியின் பில்ட் கருவியான கார்கோ முன்பே நின்றுகொண்டிருந்தது.

எழுதாத தேவையை அடியோடு ஒழிக்க வேறொரு வழியும் இருக்கிறது. கூகுள் 2015-இல் வெளியிட்ட பேசல், ஒவ்வொரு வேலையையும் ஒரு தனி அறைக்குள் தள்ளி, எழுதிக் கொடுத்த கோப்புகளை மட்டும் உள்ளே வைக்கும். அண்டா பட்டியலில் இல்லையா, அண்டாவே கண்ணில் படாது. முதல் நாளே பில்ட் விழும். நேரத்தையும் நம்பாது, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு கைரேகை எடுத்து ஒப்பிடும். உள்ளே இருக்கும் எழுத்து மாறாமல் வெறும் சேமிப்பு நேரம் மாறியிருந்தால் ஒன்றும் செய்யாது. கெட்டிக்கார முறைதான். ஆனால் ஐந்து பேர் குழுவுக்கு அதை நிறுவிப் பராமரிப்பது, பத்துப் பேர் விருந்துக்குக் கல்யாண மண்டபம் எடுப்பதுபோல.

ஆகவே நாங்கள் மேக்கோடு இருந்தோம். ஷஃபிளை ஓட்டிப் பார்க்கலாம் என்று சர்வரில் கட்டளையைத் தட்டினால், அப்படியொரு தெரிவே தெரியாது என்றது. சர்வரில் இருந்த உபுண்டு 24.04 லினக்ஸில் இருப்பது இன்னும் 4.3. மேக்புக்கில் ஆப்பிள் கொடுப்பதோ 2006-இன் 3.81. வேறு வழியில்லாமல் 4.4.1-இன் மூலக்கோப்புகளை இறக்கி நானே கம்பைல் செய்தேன். மேக்கைக் கம்பைல் செய்ய மேக் வேண்டாமா என்று பக்கத்து மேசைத் தம்பி கேட்டான். அது இல்லாத கணினிக்கென்றே உள்ளே ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார்கள்: கோப்புகளை ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்துகொண்டே போய்க் கடைசியில் லிங்க் செய்துவிடும். எது மாறியது என்றும் பார்க்காது, எதற்கு எது தேவை என்றும் கேட்காது.

அது தந்த மேக்கைத் தலைகீழாக ஓட்டினேன். இரண்டாவது விநாடியில் வெர்ஷன் ஹெடரைக் காணோம்.