பொரிக்குள் காற்று, குமிழிக்குள் காற்று, ஓலைக்கு வெளியே காற்று

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே விட்டுவிட்டு மழை. என் ஐந்து வயது மகளும் பக்கத்து வீட்டு ஏழு வயதுப் பையனும் வெளியே போக முடியாமல் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தீபத்துக்கு வாங்கிய அரிசிப் பொரி அரைப் பை மீதி இருந்தது. கொல்லையில் பப்பாளி மரம். ஊரிலிருந்து வந்திருந்த பனையோலை ஒன்று மூலையில் கிடந்தது. அன்று முழுவதும் இந்த மூன்றையும் வைத்தே விளையாடினோம். மூன்றுக்கும் உள்ள உறவு எனக்கே பாதி நாள் போன பிறகுதான் புலப்பட்டது: மூன்றிலும் வேலை செய்வது காற்றும் ஆவியும்தான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒரு குழந்தை தின்னலாம், ஊதலாம், அதனோடு ஓடலாம்.

முதலில் பொரி. ஒரு பொரியை நகத்தால் இரண்டாகக் கிள்ளி, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். உள்ளே முழுவதும் பொந்துகள். ஒவ்வொரு பொந்தையும் அடுத்ததிலிருந்து மெல்லிய வெள்ளைச் சுவர் பிரிக்கிறது. தேன்கூடு போலிருக்கிறது என்றான் பையன். நுரை என்பது இன்னும் பொருத்தம். பொரி என்பது உறைந்துபோன நுரை. அரிசி மாவுச்சத்தால் ஆன நுரை.

இந்த நுரையை ஊதியது யார்? நீராவி. பொரிக்கு எல்லா அரிசியும் ஆகாது. நெல்லை ஊறவைத்து, வேகவைத்து, காயவைத்து, உமி நீக்கி எடுத்த புழுங்கல் அரிசிதான் வேண்டும். வேகும்போது அரிசியின் மாவுச்சத்து இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. காய்ந்ததும் கண்ணாடி போல இறுகிவிடுகிறது. அந்த அரிசியில் உப்புநீர் தெளித்து, நன்றாகச் சூடேறிய மணலில் போட்டுக் கிளறுகிறார்கள். மணல் எதற்கு? சட்டியின் அடி, அரிசியை ஒரு பக்கம் மட்டும் தொடும். மணல் எல்லாப் பக்கமும் சூழ்ந்து நொடிகளில் சூட்டை உள்ளே செலுத்திவிடும். அரிசிக்குள் ஒளிந்திருக்கும் சிறிதளவு நீர் ஆவியாகிறது. திறந்த வெளியில் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். இறுகிய அரிசிக்குள் அதற்கு ஏது இடம்? அதே சூட்டில் மாவுச்சத்தும் ரப்பர் போல இளகுவதால் ஆவி அதை உள்ளிருந்து ஊதிப் பெரிதாக்குகிறது. ஆவி வெளியேறி, சூடு தணிந்ததும் ஊதிய வடிவத்திலேயே சுவர்கள் இறுகிவிடுகின்றன. காலியான பொந்துகளில் நம் வீட்டுக் காற்று குடியேறுகிறது. பச்சரிசியை எவ்வளவு வறுத்தாலும் சிவக்குமே தவிர இப்படிப் பொரியாது. வேகவைத்து இறுக்காத அந்த மணியின் சந்துகள் வழியாக ஆவி கசிந்து போய்விடும்.

இதைக் கண்ணால் பார்க்க மக்காச்சோளம் நல்லது. கண்ணாடி மூடி போட்ட பாத்திரத்தில் சிறிது எண்ணெய் விட்டு, பொரிக்கும் சோளத்தைப் போட்டு, குழந்தைகளை எட்ட நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இதில் மணியின் கெட்டியான தோலே பாத்திரத்தின் மூடி. உள்ளே அழுத்தம், வெளியே இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு வரை ஏறும்வரை தோல் தாங்குகிறது. பிறகு கிழிகிறது. 2015இல் எம்மானுவேல் விரோ, அலெக்சாண்டர் பொனோமாரென்கோ என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவும் மைக்கும் வைத்து இதை ஆராய்ந்தார்கள். வெடிப்பு நிகழும் சூடு ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ். முதலில் வெளிப்படும் மாவுச்சத்து ஒரு கால் போல நீண்டு சட்டியின் அடியை உதைக்க, மணி குதிக்கிறது. அந்தப் ‘பட்’ சத்தம் தோல் கிழிவதாலோ சட்டியில் மோதுவதாலோ வருவதல்ல, அடைபட்ட நீராவி திடீரென வெளியேறுவதால் வருவது.

நாங்கள் செய்த சோதனை இது. பத்து மணிகளின் தோலில் நான் ஊசியால் துளையிட்டேன், பத்து மணிகளை அப்படியே விட்டோம். தனித்தனியாகப் பொரித்தோம். துளையிட்டவற்றில் பெரும்பாலானவை வாய் திறக்காமல் கருகின. துளை வழியாக ஆவி முன்னதாகவே போய்விட்டது என்று நான் சொல்வதற்கு முன்பே, “காற்று போன பலூன்” என்றாள் மகள். நான் விளக்கியிருந்தால் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது.

பொரி உருண்டை செய்தது அதற்கடுத்து. ஒரு கப் வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, அடுப்பில் ஏற்றினோம். வெல்லக் கரைசல் கொதிக்கக் கொதிக்க நீர் குறைகிறது, வெல்லத்தின் செறிவு கூடுகிறது. செறிவு கூடக் கூட, கொதிக்கும் சூடும் 100 டிகிரியைத் தாண்டி ஏறுகிறது. உருண்டைக்கு ஏறத்தாழ 120 டிகிரி வரவேண்டும். நம் வீடுகளில் வெப்பமானி இல்லாமலே பாட்டிமார் இதை அளந்தார்கள்: கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகு விடுவது. கரைந்தால் பதம் இல்லை. அடியில் இழைந்து படிந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். விரலால் உருட்டித் தட்டில் போடும்போது ‘டங்’ என்று விழுந்தால் பதம். பாகு விடுவது என் வேலை, தண்ணீருக்குள் கைவிட்டு உருட்டிப் பார்ப்பது பிள்ளைகள் வேலை. நான்கு முறை பார்த்தோம். நான்காம் முறை சத்தம் கேட்டதும் இருவரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. ஏலக்காய்ப் பொடி தூவி, ஐந்து கப் பொரியைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு பிடிக்க வேண்டும். ஆறினால் பாகு இறுகிவிடும். ஆறாவிட்டால் கை வெந்துவிடும். கொதிக்கும் பாகு தண்ணீரைவிடச் சூடானது, தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அடுப்பருகே குழந்தை வேண்டாம். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு சிறிய உருண்டைகளை அவர்கள் பிடிக்கட்டும். நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சோளப்பொரி கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மற்ற கடினமான தின்பண்டங்களையும் உட்காரவைத்து, பக்கத்தில் இருந்துதான் கொடுக்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் பப்பாளிக் காம்பு. பப்பாளி இலையின் காம்பு இயல்பிலேயே குழல். பால் வடியும் என்பதால் வெட்டியதும் நன்றாகக் கழுவி, உலர்த்தி எடுத்தேன். வாய் வைக்கும் முனையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒரு சிறு துளை இட்டேன். சின்னப் பிள்ளைகள் ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிவிடுவார்கள். துளை இருந்தால் உறிஞ்சும்போது அதன் வழியே காற்றுதான் வாய்க்குள் வரும், சோப்புநீர் மேலேறாது. ஊதும்போது கொஞ்சம் காற்று வீணாகும், அவ்வளவே.

ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய நீரிலும் குமிழி வரும், அதிலுள்ள சப்போனின் என்ற பொருள் இயற்கைச் சோப்பு. கண்ணில் பட்டால் இரண்டுமே எரியும். காட்டாமணக்குக் காம்பை ஒடித்து, அதன் பாலில் படலம் எடுத்து ஊதிய தலைமுறை என்னுடையது. அந்தச் செடி நஞ்சு, அதன் விதை மிக ஆபத்து. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

வெறும் தண்ணீரில் ஏன் குமிழி நிற்பதில்லை? நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருப்பதால் அதன் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய துணி போல இருக்கிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறு முனை நீரைக் கண்டு விலகும். ஆகவே அவை மேற்பரப்பில் வரிசையாக நின்று அந்த இழுவிசையைப் பாதிக்கு மேல் குறைக்கின்றன. குமிழியின் சுவர் என்பது இரண்டு சோப்பு அடுக்குகளுக்கு நடுவே ஒரு நீரடுக்கு. மொத்தத் தடிமன் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. இழுவிசை குறைவது பாதிக் கதைதான். எங்காவது ஓரிடத்தில் சுவர் மெலிந்தால், அங்கே சோப்பு அடர்த்தி குறையும், இழுவிசை கூடும், கூடிய விசை பக்கத்திலிருக்கும் நீரைத் தன்னை நோக்கி இழுத்து மெலிந்த இடத்தை நிரப்பும். தன் கிழிசலைத் தானே தைத்துக்கொள்ளும் துணி அது. வெறும் தண்ணீருக்கு அந்த வித்தை இல்லை.

ஒரு தட்டைச் சோப்புநீரால் நனைத்து, காம்பின் முனையைத் தட்டில் வைத்து ஊதினால் அரைக்கோளமாகக் குமிழி எழும். உலர்ந்த விரலால் தொட்டால் உடையும். விரலைச் சோப்புநீரில் நனைத்துக்கொண்டு குத்தினால் குமிழிக்குள் விரல் போய்வரும். இதை என் மகள் இருபது தடவையாவது செய்திருப்பாள். பிறகு பெரிய குமிழியை ஒட்டி ஒரு சின்னக் குமிழி ஊதச் சொன்னேன். இரண்டுக்கும் பொதுவான சுவர் பெரியதற்குள் புடைத்து நின்றது. சின்னக் குமிழிக்குள்தான் காற்றின் அழுத்தம் அதிகம். எவ்வளவு சின்னதோ அவ்வளவு அழுத்தம். பலூனை ஊதத் தொடங்கும்போது கன்னம் வலிப்பதும், சற்றுப் பெரிதானதும் எளிதாவதும் நினைவிருக்கிறதா? அங்கும் இதே விதிக்குப் பங்கு உண்டு.

மூன்றாவது குமிழியும் ஒட்டியபோது மூன்று சுவர்கள் ஒரு கோட்டில் சந்தித்தன. அந்தச் சந்திப்பை நேர் மேலே இருந்து பாருங்கள்: மூன்று கோணமும் ஒன்றுபோல 120 டிகிரி. எத்தனை முறை ஊதினாலும் அதே கோணம். மூன்று சுவரும் சம விசையோடு இழுக்கும்போது வேறு எந்தக் கோணத்திலும் சமநிலை வராது. பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாத்தோ இந்த விதிகளை 1873இல் வெளியிட்டார். அவர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பார்வை இழந்தவர். சோதனைகளை அவர் திட்டமிட, உடனிருந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். அந்த விதிகளுக்குக் கணித நிறுவல் வர 1976 ஆனது. தந்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜீன் டெய்லர். காலையில் கிள்ளிப் பார்த்த பொரியை இப்போது மறுபடி எடுத்துப் பார்த்தோம். அதிலும் பல இடங்களில் மும்மூன்று சுவர்களாகச் சந்தித்திருந்தன.

குமிழியின் நிறங்கள் சாயத்தால் வந்தவையல்ல. ஒளியின் ஒரு பகுதி சுவரின் வெளிப்பரப்பிலும் ஒரு பகுதி உட்பரப்பிலும் பட்டுத் திரும்புகிறது. திரும்பிய இரண்டு அலைகளும் சேரும்போது, சுவரின் தடிமனைப் பொறுத்துச் சில நிறங்கள் ஓங்குகின்றன, சில அவிகின்றன. நீர் கீழே வடிவதால் உச்சி மெலிந்துகொண்டே போகும், நிறப்பட்டைகளும் மாறிக்கொண்டே போகும். மிகவும் மெலிந்தால் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, உச்சியில் கறுப்புத் திட்டு தோன்றும். கறுப்பு வந்தால் ஆயுள் முடியப்போகிறது என்று அர்த்தம். “கறுப்பு வந்துவிட்டது” என்று பையன் சொல்லி வாய் மூடுமுன் உடைந்த குமிழிகளை நாங்கள் எண்ணத் தொடங்கினோம். அன்று குமிழிகள் வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றன. மழைக்காற்றில் ஈரம் அதிகம், சுவரின் நீர் சீக்கிரம் ஆவியாவதில்லை. சர்க்கரை சேர்த்ததும் அதற்காகத்தான்.

நான்கு மணிக்கு மழை விட்டது. காற்றாடி செய்ய, ஓலையிலிருந்து ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்தேன். நடுவில் துளையிட்டு, ஒரு கருவேல முள்ளைக் கோத்து, முள்ளின் அடியைச் சோளத்தட்டையில் செருகினேன். பையனுடைய ஓலை சுற்றவே இல்லை. அவன் இரண்டு நுனிகளின் மேல்விளிம்பையும் தன் பக்கமாகவே சாய்த்திருந்தான். காற்று இரண்டு நுனிகளையும் ஒரே திசையில் தள்ளியது, ஓலை நடுங்கி நின்றது. ஒரு நுனியின் மேல்விளிம்பை அவன் பக்கமும், மறு நுனியின் மேல்விளிம்பை எதிர்ப்பக்கமும் முறுக்கியதும் ஒரு நுனி மேலும் மறு நுனி கீழும் தள்ளப்பட, ஓலை சுழன்றது. சாய்ந்த ஓலை, தன்மேல் மோதும் காற்றை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகிறது. காற்று பதிலுக்கு ஓலையை மறுபக்கம் தள்ளுகிறது. துளை முள்ளைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உராய்வே பிடித்து நிறுத்திவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கும் காற்றாலைகளின் இறகுகள் சாய்ந்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். காற்று இருமடங்கு வேகமாக வந்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும், அது ஒவ்வொரு நொடியும் கொண்டுவரும் ஆற்றல் எட்டு மடங்காகும். இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை. தெருவில் மெல்ல ஓடியும் விரைந்து ஓடியும் அவர்களே கையில் உணர்ந்துகொண்டிருந்தார்கள்.

இருட்டி வீடு திரும்பியபோது கிண்ணத்தில் மூடாமல் விட்டிருந்த பொரி நமத்துப்போயிருந்தது. குமிழியைக் காப்பாற்றிய அதே ஈரக்காற்று, பொரியின் பொந்துகளுக்குள் புகுந்து, கண்ணாடி போல் இறுகியிருந்த சுவர்களை மறுபடி தோல் போல ஆக்கிவிட்டது. வெறும் வாணலியைச் சூடாக்கி, பொரியைப் போட்டு, இளந்தீயில் ஐந்து நிமிடம் புரட்டினேன். ஈரம் போயிற்று. ஆறவைத்து ஒன்றை வாயில் போட்டாள் மகள். கரகரவென்றது.