ஓத்தோ காசு எப்படிச் சரியாக ஒரு பவுன் இருக்கும்?

போன மாதம் ஒருவர் சின்ன வெல்வெட் டப்பாவோடு வந்தார். உள்ளே ரோமப் பேரரசர் ஓத்தோவின் தங்கக் காசு. மூன்றே மாதம் ஆண்டவர், அதனால் காசு ரொம்ப அபூர்வம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். தராசில் வைத்தேன். சரியாக 8 கிராம், நம்ம கணக்கில் ஒரு பவுன். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

ஜூலியஸ் சீசர் காலத்தில் ஒரு ரோம ராத்தல் தங்கத்தில் 40 காசு அடித்தார்கள், ஒன்று சுமார் 8 கிராம். கி.பி. 64-ல் நீரோ அதை 45 ஆக்கினார், எடை ஏழேகால் கிராம் அளவுக்கு இறங்கியது. ஓத்தோ ஆட்சிக்கு வந்ததோ 69-ல். காசு புழங்கித் தேயும், வளராது. உரசிப் பார்த்தால் 916 தங்கம் வேறு. அன்றைய ரோமத் தங்கம் கிட்டத்தட்ட சுத்தத் தங்கம்.

போலி செய்பவர்களுக்கு ஏன் இந்த மாதிரி ஆட்கள் மேலேயே கண்? அரியணை கைமாறிய விதம் அப்படி. அந்த 69-ல் மட்டும் கால்பா, ஓத்தோ, விட்டேலியஸ், வெஸ்பாசியன் என்று நாலு பேரரசர்கள். வந்தவர் எத்தனை நாள் நீடிப்பாரோ, தன் தலையைப் போட்டுக் காசு அடித்துப் படைக்குக் கொடுத்தாக வேண்டும். 41-ல் தன்னை அரியணையில் ஏற்றிய காவல்படைக்கு ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ், அதாவது 150 தங்கக் காசு, தருவதாகச் சொன்ன கிளாடியஸ் அந்தப் படையின் பாசறையையே காசில் பொறித்தார். பணம் தர மறுத்த கால்பா வெட்டுப்பட்டார். 193-ல் ஆளுக்கு 25,000 செஸ்டர்ஸ் என்று ஏலம் கேட்டுப் பதவிக்கு வந்த டிடியஸ் ஜூலியானஸ் 66 நாள்தான் தாங்கினார். குறைந்த நாள், குறைந்த காசு, எக்கச்சக்க விலை. (விக் வைத்த ஓத்தோ தன் காசில் பொறித்தது 'ரோம மக்களின் பாதுகாப்பு'!)

வாங்குமுன் எடை, மாற்று (தங்கத்தின் சுத்தம்) இரண்டையும் பாருங்கள். விளிம்பை லென்ஸில் பாருங்கள். அடிக்காமல் உருக்கி வார்த்த போலி என்றால் வார்ப்பு அச்சு சேர்ந்த கோடும் காற்றுக் குமிழியும் தெரியும். தலையில் உளி வெட்டு இருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், 1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 ரோமத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன. அப்புறம், "தோட்டத்தில் தோண்டும்போது கிடைத்தது" என்று யாராவது கொண்டுவந்தால் தொடவே தொடாதீர்கள், புதையல் சட்டப்படி அதைக் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

வந்தவருக்கு என்னால் சொல்ல முடிந்தது அன்றைய 916 ரேட் மட்டும்தான். எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன், கடைசி வரை சொல்லவில்லை.