கட்டுத்தரையில் பதினோரு சைக்கிள்

"டாக்டரம்மா, மாடு கட்டுற எடத்துல இப்ப பதினோரு சைக்கிள் நிக்குதுங்க. மாட்டைக்கூட வித்துப்போட்டாரு, சைக்கிள்ல ஒண்ணைக்கூட விக்க மாட்டீங்கறாருங்க. இது வியாதிதானுங்களே?"

கோபிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையிலிருந்து வந்த அம்மா, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்ட கேள்வி இது. கூட வந்த கணவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். வேட்டியும் சட்டையும் வெள்ளை வெளேரென்று இருந்தன, நகக்கண்ணில் மட்டும் கிரீஸ் கறுப்பு. அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரோட்டில் மனநல மருத்துவராக இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்க்கிறேன். குடி, தூக்கமின்மை, பயம், கடன் என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் சமீப காலமாகப் பழைய சைக்கிளுக்காக வீட்டில் சண்டையாகி, மனைவியோ மகனோ கூட்டிக்கொண்டு வந்த ஆண்கள் சிலரைப் பார்த்துவிட்டேன். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. யாருடைய அடையாளமும் தெரியாதபடி ஊர், வயது, குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தப் பெரியவரிடம் "ஏன் இத்தனை?" என்று நான் கேட்கவில்லை. அதை வீட்டில் எல்லோரும் கேட்டுச் சலித்திருப்பார்கள். "முதல்ல வந்தது எதுங்க?" என்றுதான் கேட்டேன். அதன்பிறகு அவர் அரை மணி நேரம் நிறுத்தவில்லை.

அவருடைய அப்பாவிடம் ராலே என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் சைக்கிள் ஒன்று இருந்திருக்கிறது. மஞ்சள் நல்ல விலைக்குப் போன ஒரு வருடத்தில் வாங்கியது. பாரில் துண்டைச் சுற்றி அதன்மேல் இவரை உட்கார வைத்து, பாரியூர் குண்டத்துக்குக் கூட்டிப் போவாராம். குரங்குப் பெடல் பழகியதும் அதில்தான். கிணறு வற்றிப்போன ஒரு வருடம், அக்காவின் கல்யாணச் செலவுக்கு அதை விற்றுவிட்டார்கள். ஃபிரேமில் குத்தியிருந்த நம்பரை அப்பா தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. எங்கே பழைய ராலே கிடக்கிறது என்று கேள்விப்பட்டாலும் இவர் போய், சீட்டுக்கு அடியில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து நம்பரைப் பார்ப்பார்.

"அது கெடைக்காதுன்னு எனக்கே தெரியுமுங்க. ஆனா நான் பார்க்கப் போன வண்டி, நான் வாங்கலீன்னா பழைய இரும்புக்குப் போயிருமுங்களே."

அந்த அம்மா இதைக் கேட்டது அதுதான் முதல் முறை. நாற்பது வருடம் கூட வாழ்ந்தும், நம்பர் விஷயத்தை அவர் வீட்டில் சொன்னதில்லை.

நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் பழைய நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் அதிகமாக வரும். இது பல நாடுகளில் திரும்பத் திரும்ப ஆராய்ந்து பார்க்கப்பட்ட விஷயம். இன்றைக்கு அறுபதில் இருக்கும் கொங்கு ஆண்களுக்கு அந்த இருபது வருடங்களும் சைக்கிள் மேல் கழிந்தவை. பள்ளிக்கூடம், வாய்க்கால் குளியல், மில் சங்கு ஊதியதும் ஷிப்டுக்கு ஓட்டம், சென்னிமலைக்கு நூல் கட்டு, சொசைட்டிக்குப் பால் கேன், எல்லாவற்றுக்கும் அது வேண்டும். ஆகையால் தகப்பனை நினைத்தால் கூடவே ஒரு வண்டியும் நினைவுக்கு வருகிறது. இதில் வைத்தியம் பார்க்க ஒன்றும் இல்லை.

இன்னொரு காரணத்தை முதலில் நான் சாக்கு என்றுதான் நினைத்தேன். "ஒண்ணை முழுசாக்கறதுக்கு இன்னும் ரெண்டு வேணுமுங்க" என்பார்கள். அடுத்த முறை வந்தபோது பெரியவர் ஒரு தினத்தாள் பொட்டலத்தைப் பிரித்து என் மேசை மேல் இரண்டு இரும்பு வளையங்களை வைத்தார். பெடல் அச்சு உட்காரும் கப். பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் ஒன்று ஏறும் இடத்தில் மற்றது ஏறாது. இங்கிலாந்துச் சைக்கிள்களில் பொதுவாக இந்த இடத்தில் ஒரு அங்குலத்துக்கு 24 மரை. ராலே மட்டும் தனியாக 26 மரை போட்டது. 1932இல் ஹம்பர் கம்பெனியையும் 1943இல் ரட்ஜ் கம்பெனியையும் ராலே வாங்கிவிட்டதால், அதற்குப் பிந்தைய அந்த வண்டிகளிலும் இதே தகராறு வரலாம். ராலேயின் சொந்த ஊரான நாட்டிங்ஹாமில் உற்பத்தி நின்று இருபது வருடத்துக்கு மேலாகிறது. புதுக் கப் கடையில் கிடைக்காது, இன்னொரு பழைய வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சரி, அதற்காக ஒன்று வாங்குகிறார்கள். கப்பைக் கழற்றிய பிறகு அந்த வண்டி நொண்டியாக நிற்கிறது. அதன் மட்கார்டு நன்றாக இருக்கிறது, ஃபிரேமும் நேராக இருக்கிறது. அதை எப்படி எடைக்குப் போடுவது? அதற்கு ஒரு ஃபோர்க் கிடைத்தால் அதுவும் ஓடும். இப்படித்தான் மூன்று ஆறாகிறது, ஆறு பதினொன்றாகிறது. பின் சக்கரத்தின் நடுவில், கியரை உள்ளேயே வைத்த ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் இருந்தால் இன்னும் இழுக்கும். அந்த ஹப்பின் மேல் தயாரித்த ஆண்டையும் மாதத்தையும் குத்தியிருப்பார்கள். 54 என்று குத்திய ஹப்பை 54ஆம் வருட வண்டியில்தான் மாட்டுவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் உண்டு. நம் ஊரில் கியர் ஹப் அபூர்வம் என்பதால் அந்தத் தேடல் வருடக்கணக்கில் போகும்.

அப்புறம் மூளையின் வேலை. 1990களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்கு ஒரு விளக்கைக் காட்டிவிட்டுப் பழச்சாறு கொடுத்து, அவற்றின் மூளையில் டோபமீன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். முதலில் சாறு வாயில் விழும்போது அந்தச் செல்கள் துடித்தன. பழகிய பிறகு விளக்கு எரியும்போதே துடித்தன, எதிர்பார்த்த சாறு வந்தபோது துடிக்கவில்லை. சைக்கிள்காரருக்கு விளக்கு என்பது ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் வரும் போட்டோ. தாராபுரம் பக்கம் ஏதோ ஒரு களத்தில், சோளத்தட்டுப் போரில் சாய்த்து வைத்த வண்டி. செயின் கார்டில் பாதி எழுத்துத்தான் தெரிகிறது. ஹெர்குலிஸா, ஹம்பரா? அன்றைக்குத் தூக்கம் வராது. விடிகாலையில் பஸ் ஏறிப் போய்ப் பேசி, வேன் பிடித்துக் கொண்டுவந்து இறக்கி, ஒரு வாரம் போனால் அந்தப் பரபரப்பு அடங்கிவிடுகிறது. வண்டி மேல் அன்பு குறைந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. தேடும்போது இருந்த துடிப்பு வேறு, வைத்திருக்கும்போது வரும் நிம்மதி வேறு. அந்தத் துடிப்புக்காகவே அடுத்த போட்டோவுக்குக் காத்திருக்கிறார்கள்.

சரி, நல்ல விலை வந்தால் ஒன்றிரண்டை விற்கலாமே என்று வீட்டார் கேட்கிறார்கள். இங்கே வேறொன்று குறுக்கே வருகிறது. கானெமன், நெட்ச், தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் பாதிப் பேருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் கொடுக்க நினைத்த விலையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சில நிமிடம் கையில் இருந்த கோப்பைக்கே இப்படி என்றால், துரு சுரண்டி, கோட்டம் எடுத்து, போக்ஸ் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைத்து மாட்டிய வண்டிக்கு எவ்வளவு இருக்கும்? சக்கரம் இரண்டுக்கும் சேர்த்து 72 கம்பி, முன்னால் 32, பின்னால் 40.

இந்த ஆண்களுக்கு இது பல நேரங்களில் மருந்தாகத்தான் இருக்கிறது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். தோட்டம் குத்தகைக்குப் போய்விட்டது. பேச ஆளில்லாத பகல் பொழுதில், பவானியிலோ காங்கேயத்திலோ இருக்கும் ஒரு பழைய மெக்கானிக்கிடம் உட்கார்ந்து பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னைக் கழற்றுவதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேச முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து வாய்க்கால் ஓரமாக ஓட்டுகிறார்கள். சாராயக் கடைக்குப் போகாத, டிவி முன்னால் சாயாத ஒரு மனிதர் அவர். பதினொன்று என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பிடுங்க நான் சம்மதிக்க மாட்டேன். கோபிப் பெரியவருக்கு நான் ஒரு மாத்திரையும் எழுதவில்லை. கட்டுத்தரையின் ஒரு பக்கச் சுவர் மட்டும் சைக்கிளுக்கு, மறு பக்கம் அந்த அம்மா கேட்ட இரண்டு வெள்ளாட்டுக்கு என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டார்கள்.

வியாதியாக இருப்பதும் உண்டு. பொருள் குவிக்கும் நோய் என்பதை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் தனி நோயாகச் சேர்த்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் அது இருக்கிறது. திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எனக்கு அதை நன்றாகப் புரிய வைத்தார். வீட்டில் எத்தனை வண்டி என்று கேட்டேன். "எண்ணலைங்க" என்றார். கோபிக்காரர் ஒவ்வொரு வண்டியும் எந்த ஊரில், யாரிடம், எந்த மாதம் வாங்கியது என்று சொன்னவர். இவருக்கு எண்ணிக்கையே தெரியாது. சமையலறைக்குப் போகும் வழியிலும் ஃபிரேம்கள் அடுக்கியிருந்தன. ஒரு வண்டிகூட ஓடும் நிலையில் இல்லை. எல்லோரும் தூங்கிய பிறகுதான் புதிதாக வாங்கியதை உள்ளே கொண்டுவருவார். மனைவியின் செயின் அடகுக் கடையில் இருப்பது மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டும் நாளில்தான் தெரிந்தது. வேலை போனதிலிருந்து அவருக்கு ஆழமான மனச்சோர்வு இருந்திருக்கிறது. அதற்கு மருந்தும், பொருளைப் பிரிந்து பழகும் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஆகவே வீட்டில் இருப்பவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒளிவுமறைவைக் கவனியுங்கள். விலையைக் குறைத்துச் சொல்கிறாரா, சீட்டுப் பணம் காணாமல் போகிறதா, படுக்கவும் சமைக்கவும் நடக்கவும் இருந்த இடம் அடைபட்டதா, வாங்கியதை ஓட்டாமலும் தொடாமலும் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துப் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்பிவிடாதீர்கள். ஒரு மகன் அப்படிச் செய்தார். அப்பா மூன்று மாதம் மகனோடு பேசவில்லை, நாலாவது மாதம் முன்பைவிட வேகமாக வாங்க ஆரம்பித்தார். பறித்ததால் குணமான ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று. எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இதுதான். வாழ்நாள் முழுக்கச் சிக்கனமாக இருந்தவர் அறுபது வயதுக்கு மேல் திடீரென்று வாங்கிக் குவித்தால், அதை ஆசை என்று விட்டுவிடக் கூடாது. தூக்கமே இல்லாமல், ஓயாமல் பேசிக்கொண்டு, நாலு நாளில் ஐந்து வண்டி வாங்கினால் அது மனஎழுச்சி நோயாக இருக்கலாம். மறதியும் குணமாற்றமும் சேர்ந்தால் மூளைத் தேய்வாக இருக்கலாம். இன்னொன்று பலருக்கும் தெரியாது. பார்க்கின்சன் என்ற நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்டத்தையும் வாங்கும் வெறியையும் கொண்டுவரும். 2010இல் வெளியான ஒரு ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்த்தார்கள். இந்த வகை மாத்திரை எடுத்தவர்களில் 17 சதவீதம் பேருக்கு இப்படி ஏதோ ஒரு அடக்க முடியாத பழக்கம் இருந்தது. எடுக்காதவர்களில் அது 7 சதவீதம்.

ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர் இப்படி வந்தார். நடுக்கம் குறைந்திருந்தது, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒரே ஹப்பைக் கழற்றுவார், பால்ஸைத் துடைப்பார், திரும்ப மாட்டுவார், மறுபடி கழற்றுவார். எட்டு மாதத்தில் ஒன்பது சைக்கிள் வாங்கியிருந்தார். முன்பு அவரிடம் ஒன்றுதான் இருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டிய மாதமும் இரண்டாவது சைக்கிள் வந்த மாதமும் ஒன்று. அந்தக் குடும்பம் அவரைத் திட்டியே எட்டு மாதத்தைக் கழித்திருந்தது, அவரும் தன்னையே நொந்துகொண்டிருந்தார். நரம்பியல் மருத்துவரோடு பேசி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினோம். இரண்டு மாதத்தில் ராத்திரி எழுவது நின்றது. ஒன்பதில் ஏழு சைக்கிளை அவரே ஆள் பார்த்துக் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பதற்றமும் கடும் சோர்வும் வரலாம், நடுக்கமும் கூடலாம். வாங்கிய தேதிகளையும் மாத்திரை மாற்றிய தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே காட்டுங்கள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமனாஸ் எண்ணுக்குக் கூப்பிடலாம். அரசு நடத்துவது, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.