பச்சை லைட் எரியுது, சத்தம் வரேல்ல: அனர்த்த நேரத்து வயர்லெஸ் செட்டுகள் பற்றி

ஐப்பசி நெருங்கும்போது திருகோணமலையில் என் வேலை மேசை வயர்லெஸ் செட்டுகளால் நிறைந்துவிடும். படகுக்காரரின் செட், அலுவலகங்களின் செட், தொண்டர் குழுவுக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போன செட் எல்லாம் வரும். பற்றரி, அன்ரனா பார்த்து அனுப்புவேன். ஒவ்வொன்றும் அதனதன் கூட்டத்துக்குள் நன்றாகவே வேலை செய்யும். ஒரு கூட்டத்தின் செட்டை மற்றக் கூட்டத்தின் செட்டோடு கதைக்க வைத்துப் பார்த்தால்தான் விசயம் வெளிக்கும்.

ஓர் ஒத்திகைக்காக இரண்டு அமைப்புகளின் செட்டுகளை ஒரே மேசையில் வைத்தோம். இரண்டின் திரையிலும் ஒரே அலைவரிசை, தசம எண் வரை ஒன்று. ஒருவர் பட்டனை அழுத்திப் பேசினார். மற்றச் செட்டில் பச்சை லைட் எரிந்தது, சத்தம் இல்லை.

"தம்பி, ஸ்பீக்கர் போயிட்டுது போல."

"இல்லை அண்ணை, பக்கத்தில இருக்கிற சின்னப் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கொண்டு கேளுங்கோ."

அது மொனிட்டர் பட்டன், செட்டின் வாய்ப்பூட்டைத் தற்காலிகமாகத் திறந்துவிடும். அழுத்தினார், குரல் கணீரென்று வந்தது. பிரச்சினை டோனில் இருந்தது. அனலொக் செட்டுகள் பேச்சோடு சேர்த்து டோன் எனப்படும் ஒரு தாழ்ந்த ஓசையையும் அனுப்பும்படி அமைக்கலாம். பொதுவாக அது 67 முதல் 254 ஹேர்ட்ஸ் வரைக்குள் ஏதாவது ஒன்றாக இருக்கும். கேட்கும் செட் அந்த ஓசையை வடிகட்டிவிடுவதால் நம் காதுக்கு வராது. தனக்குச் சொல்லப்பட்ட டோன் வந்தால் மட்டும் செட் வாய் திறக்கும், வராவிட்டால் ஊமை. அடுத்தவர் பேச்சு நம் காதில் விழாமல் இருக்கச் செய்த வசதி இது, சாதாரண நாளில் நல்ல வசதிதான். வெள்ள நேரத்தில் உதவி கேட்பவரின் குரலையும் அதுவே தடுத்துவிடும். அழைத்தவருக்கும் தன் குரல் எங்கே நின்றது என்று தெரியாது.

டோனைச் சரிசெய்தாலும் வேலை முடியாது. அலைவரிசையில் பேச்சு பிடிக்கும் இடத்துக்கு ஓர் அகலம் உண்டு. ஒரு செட் 25 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில் பேச, மற்றது 12.5 கிலோஹேர்ட்ஸில் கேட்டால் குரல் கரகரவென்று உடைந்து வரும். மறுவளமாக, 12.5இல் பேசி 25இல் கேட்டால் சத்தம் மெலிந்துபோகும். கப்பல், படகுகளின் வீ.எச்.எஃப். செட்டுகள் 25 கிலோஹேர்ட்ஸில் இயங்குபவை. தரையில் பாவிக்கும் புதிய செட்டுகள் பலவற்றை 12.5க்கு வைத்திருப்பார்கள். விமானங்களின் கதையே வேறு. அவை 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரை, அதுவும் ஏ.எம். முறையில் பேசுபவை. ஏ.எம்., எஃப்.எம். என்பவை குரலை அலையில் ஏற்றும் இரண்டு வெவ்வேறு முறைகள். கடலில் நிற்பவரின் செட் பேசுவது எஃப்.எம். முறையில். சீனன்குடா விமானத்தளத்திலிருந்து ஒரு ஹெலிகொப்டர் எழும்பி, படகின் தலைக்கு மேலேயே வந்து நின்றாலும், அதில் கடல்சார் செட் தனியாக இல்லையென்றால் இருவரும் கையைக் காட்டிக்கொள்ளத்தான் முடியும்.

டிஜிட்டலுக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று விற்பனைக்காரர் சொல்வார். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. டெட்ரா, டி.எம்.ஆர்., பி25 என்ற தரநிலைகள் மூன்றும் டிஜிட்டல்தான், ஆனால் ஒன்றின் பேச்சு மற்றதுக்குப் புரியாது. டி.எம்.ஆருக்குள்ளேயே கலர் கோட், டைம் ஸ்லொட், குழு எண் என்ற மூன்று செற்றிங்கும் இரண்டு செட்டிலும் ஒத்துவர வேண்டும். அதற்கு மேல் ஒரு கம்பனி தன் சொந்த மறைகுறியாக்கத்தைப் போட்டுவிட்டால் அடுத்த கம்பனியின் செட்டுக்குக் கதவு அடைத்ததுதான். அனலொக்கில் மொனிட்டர் பட்டனாவது இருந்தது.

பணமும் தரநிலையும் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். காவல்துறை, தீயணைப்பு போன்றவற்றின் செட்டுகளுக்குப் பொதுத் தரநிலை வேண்டுமென்று பி25 வேலையை அங்கே 1989இலேயே தொடங்கிவிட்டார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயோர்க்கில் முதல் கோபுரம் விழுந்தபிறகு, இரண்டாவதும் நிற்காது போலிருக்கிறது என்று பொலிஸ் ஹெலிகொப்டரில் இருந்தவர்கள் எச்சரித்தார்கள். அந்தச் செய்தி பொலிஸ் அலைவரிசையில் போனது. தீயணைப்புத் தலைமைக்கு அதை நேராகக் கேட்க வழியிருக்கவில்லை. அன்று இறந்த தீயணைப்புப் படையினர் 343 பேர். அத்தனை மரணத்துக்கும் வயர்லெஸ்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் மேலிருந்து பார்த்தவருக்குத் தெரிந்தது உள்ளே நின்றவருக்குப் போய்ச்சேர நேர்வழி இல்லை என்பது மறுக்க முடியாதது.

நம் பக்கம் வருவோம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அப்படியொரு இரவில் மூதூர், கிண்ணியா, குச்சவெளி எங்கும் யார் யார் வேலையில் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடற்படை, கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், பொலிஸ், அனர்த்த முகாமைத்துவ நிலையம், பிரதேச செயலகம், தீயணைப்பு, 1990 இலக்கத்து அம்புலன்ஸ் சேவை, இவற்றோடு தன் படகை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கும் மீனவர். இத்தனை பேரையும் இணைப்பது பெரும்பாலும் கைத்தொலைபேசியும் ஒரு வட்ஸ்அப் குழுவும்தான். மின்சாரம் போய், தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிட்டால் அதுவும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தொலைபேசி வேலை செய்யாத தென்கரை இடங்களிலிருந்து செய்தி அனுப்பியவர்களில் பொழுதுபோக்காக வயர்லெஸ் இயக்கும் அமெச்சூர் வானொலிக்காரர்களும் உண்டு. அவர்கள் பாவித்தது பழைய சிற்றலை.

என் யோசனை பெரிய செலவில்லாதது. மாவட்டத்துக்கு ஒரு பொது அலைவரிசை. அனலொக், டோன் இல்லை, மறைகுறியாக்கம் இல்லை, குரலை வாங்கி மறுபடி பலமாக அனுப்பும் ரிப்பீட்டரும் இல்லை. அகலம் எவ்வளவு என்று ஒருமுறை முடிவெடுத்து, எல்லாச் செட்டிலும் ஒரே பெயரில், ஒரே இலக்கத்தில் போட வேண்டும். இருட்டில் திருகைத் திருப்புகிறவர், அது நிற்கும் கடைசி இடம்தான் அந்தப் பொது அலைவரிசை என்று விரலாலேயே அறிய வேண்டும். இதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. "156.8 மெகாஹேர்ட்ஸ், சனல் 16 இருக்கிறதே, அதையே எல்லாச் செட்டிலும் போட்டுவிடு தம்பி" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. 136 முதல் 174 வரை பிடிக்கும் செட்டில் அதைப் போட இரண்டு நிமிடம் போதும். ஆனால் அது கடலில் ஆபத்தில் இருப்பவரின் சனல். கரையிலுள்ளவர்கள் அதில் சாப்பாட்டுப் பார்சல் கணக்குக் கதைக்கத் தொடங்கினால் கவிழ்ந்த படகின் குரல் அமுங்கிப்போகும். நான் போட்டுக் கொடுப்பதில்லை.

ரிப்பீட்டர் இல்லாமல் தூரம் போகுமா என்று கேட்பீர்கள். தடையில்லாத கடலில், ஆள் உயரத்தில் பிடித்த இரண்டு கைச்செட்டுகளுக்கு அதிகபட்சம் சுமார் 10 கிலோமீட்டர், கட்டடங்களுக்குள் அதில் பாதியும் வராது. ஒரு முனையின் அன்ரனாவை 100 மீட்டர் உயரத்தில் ஏற்றினால் கணக்குப்படி 45 கிலோமீட்டரைத் தாண்டும். திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையிலுள்ள கொட்டியாரக் குடாவின் இக்கரையில் உயரமான இடத்தில் ஒரு நிலையான செட்டை வைத்து அதில் ஓர் ஆளை இருத்தினால் அக்கரைக்குச் செய்தியைக் கடத்தலாம். இரண்டு வயர்லெஸ் வலையமைப்புகளைத் தானாக இணைக்கும் பெட்டிகளும் உண்டு, நல்லவைதான். ஆனால் பட்டனை அழுத்தியவுடன் பேசினால் முதற்சொல் வெட்டுப்படும். "வேண்டாம், வாங்கோ" என்று சொன்னால் மறுபக்கம் "வாங்கோ" மட்டும் போகும். அழுத்தி, ஒரு விநாடி விட்டு, பிறகு பேசப் பழக வேண்டும்.

செட் பேசிவிட்டது, இனி இடத்தைச் சொல்ல வேண்டும். மீனவரின் ஜி.பி.எஸ். பெரும்பாலும் பாகை, கலை, கலையின் தசமம் என்று காட்டும்: 8 பாகை 34.5 கலை. அலுவலகத்தில் இருப்பவரின் போன் வரைபடம் தசமப் பாகையில் காட்டும். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் அதே இடம் அங்கே 8.575. படகுக்காரர் "எட்டு, முப்பத்திநாலு, ஐந்து" என்று சொல்ல, கேட்டவர் 8.345 என்று தட்டினால் தேடும் படகு 25 கிலோமீட்டர் தெற்கே, வெருகல் பக்கமாகப் போய்விடும். மூன்று மொழி புழங்கும் மாவட்டம் என்பதால் எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்வதுதான் பாதுகாப்பு. எந்த முறை என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து செட்டின் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம்.

அப்புறம் சார்ஜர். ஒரு வகைச் செட்டின் பற்றரி மற்ற வகைக்குப் பொருந்தாது, சார்ஜரும் அப்படியே. முகாமுக்குப் போகும் ஒவ்வொரு குழுவும் தன் செட்டுக்குரிய, வாகனத்தின் 12 வோல்ட்டில் ஓடும் சார்ஜரைக் கையோடு கொண்டுபோகட்டும். ஒத்திகை வைப்பதானால் வெயில் நாளில் மண்டபத்துக்குள் வேண்டாம். ஓர் ஆள் மூதூர் இறங்குதுறையில், ஓர் ஆள் கிண்ணியாப் பாலத்தில், ஓர் ஆள் குச்சவெளியில் நிற்க, வெவ்வேறு அமைப்புகளின் செட்டுகளை மாற்றிக் கையில் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். யாருக்கு யாரைக் கேட்கவில்லை என்று ஒரு தாளில் எழுதினால், எந்தச் செட் என் மேசைக்குத் திரும்ப வர வேண்டும் என்பது அன்று மாலையே தெரிந்துவிடும்.