அனோஸ்மியா: தமிழில் முகர்விழப்பு

"ஒரு வாரமா வாய்க்கு எதுவுமே ருசிக்கல டாக்டர்." காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகிறவர்களில் பலர் பேச்சை இப்படித்தான் தொடங்குவார்கள். அவர்கள் நாக்கில் உப்பையும் சர்க்கரையையும் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டையும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். பழுது மூக்கில் இருக்கும். மணத்தை உணரும் திறன் அறவே போய்விடும் இந்த நிலைக்கு மருத்துவம் தந்திருக்கும் பெயர் அனோஸ்மியா. திறன் குறைந்து மட்டும் இருந்தால் ஹைப்போஸ்மியா.

கிரேக்கத்தில் 'ஒஸ்மே' என்றால் மணம். முன்னால் நிற்கும் 'அன்' இன்மையைக் காட்டுகிறது. முடிவில்லாததை வடமொழி 'அனந்தம்' என்று சொல்வதும் இதற்கு உறவான முன்னொட்டை வைத்துத்தான். ஆஸ்மியம் என்ற உலோகத்தின் பெயரும் ஒஸ்மேயிலிருந்து வந்ததே. 1803இல் அதைக் கண்டறிந்த ஸ்மித்சன் டெனன்ட், அதன் ஆக்சைடிலிருந்து வந்த காரமான நெடியை வைத்து அப்படிப் பெயரிட்டார்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? மணத்தைப் பேச நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. இன்று கெட்ட வாடைக்கு மட்டும் ஒதுக்கிவிட்ட 'நாற்றம்' ஒரு காலத்தில் எல்லா மணத்துக்கும் பொதுவாக இருந்தது. "சுவையொளி ஊறோசை நாற்றம்" என்று வள்ளுவர் ஐம்புல உணர்வுகளில் ஒன்றாக அதை வைக்கிறார். "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று ஆண்டாள் சங்கிடம் கேட்பது மாதவனின் வாய் மணத்தைப் பற்றி. முகர்தல் என்ற செயலுக்குக் குறளில் இன்னும் அழகான ஒரு சொல் இருக்கிறது. "கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்" என்ற அடியில் 'உயிர்த்து' என்பதற்கு 'முகர்ந்து' என்று பொருள். மூச்சு விடுவதற்கும் முகர்வதற்கும் ஒரே சொல்! மூச்சுக்காற்று ஏந்திப் போனால்தான் மணம் உணரப்படும் என்பதால், உடலியங்கியல்படியும் இது பொருத்தமே.

தொல்காப்பியம் தொடுதல், சுவைத்தல், முகர்தல் என்ற மூன்றும் வாய்த்த உயிர்களை மூவறிவின என்று வகுத்து, கறையானையும் எறும்பையும் அங்கே சேர்க்கிறது. எறும்பு வரிசை வாசனைத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போவதை இன்று அறிந்தவர்களுக்கு அந்த வரி தனி வியப்பைத் தரும்.

அனோஸ்மியாவுக்குச் சட்டென்று மனதில் வரும் சொல் 'மணமின்மை'. ஆனால் அது குறையைப் பொருளின் மேல் ஏற்றிவிடுகிறது. வள்ளுவர் "நாறா மலர்" என்றாரே, அந்தப் பூவுக்குத்தான் மணமின்மை. இங்கே மல்லிகை மணத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதை உணர ஆளுக்கு முடியவில்லை. 'நுகர்வின்மை' என்றால் வேறு சிக்கல் வரும். நுகர்தல் ஐம்புலனாலும் துய்ப்பதற்குப் பொதுச்சொல், நுகர்வோர் என்பதில் அது கடைவீதிக்கே போய்விட்டது. 'மோப்பம்' பழுத்த தமிழ்தான். "பால் கெட்டுப்போச்சான்னு மோந்து பாரு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் பெயர்ச்சொல்லாக அது மோப்ப நாயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நோயாளியின் சீட்டில் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. எஞ்சுவது 'முகர்'. முகரும் திறன் இருந்து போனால் முகர்விழப்பு. பிறவியிலேயே இல்லாதவர் எதையும் இழக்கவில்லை, ஆகவே அவருக்குப் பிறவி முகர்வின்மை. கிரேக்கச் சொல் காட்டாத இந்த வேறுபாட்டைத் தமிழ் காட்டுகிறது. இரண்டின் காரணங்களும் வேறு வேறு என்பதால் மருத்துவத்துக்கும் அது உதவும்.

மூக்குக் குழியின் கூரையில் சில சதுர சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு மென்சவ்வு இருக்கிறது. மணத்தை வாங்கும் நரம்புச் செல்கள் அதில் உள்ளன. மனிதருக்குச் சுமார் 400 வகை மண ஏற்பிகள் உண்டு. இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991இல் வெளியிட்ட லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்களிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள், சல்லடைபோல் துளையிட்ட ஓர் எலும்புத் தட்டின் வழியாக மூளையின் முகர்குமிழுக்கு ஏறுகின்றன. இந்தப் பாதையில் எங்கே பழுது வந்தாலும் முகர்விழப்புதான்.

காற்றே மேலே போக முடியாமல் அடைப்பது முதல் வகை. சளி, நாள்பட்ட சைனஸ், மூக்கில் சதை வளர்ச்சி எல்லாம் இதில் அடங்கும். மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ அடைப்பை நீக்கினால் பலருக்கு மணம் திரும்பும். மென்சவ்வே தாக்கப்படுவது அடுத்தது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு கண்டது இதைத்தான். 2020 ஜூனில் இந்திய அரசு மணமும் சுவையும் தெரியாமல் போவதை நோய் அறிகுறிகளில் சேர்த்தது. அந்தக் கிருமி பெரும்பாலும் நரம்புச் செல்களைத் தொடவில்லை, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களைத் தாக்கியது. பலருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பியதற்கு இதுவே காரணம் என்று கருதப்படுகிறது.

பைக்கிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்டால், மூளை குலுங்கும் வேகத்தில் அந்தச் சல்லடைத் தட்டின் இடத்தில் இழைகள் அறுந்துபோகலாம். இதில் மீள்கிறவர்கள் குறைவு. அடிபட்ட பிறகு மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் அது மூளையைச் சூழ்ந்த திரவமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே மணம் மங்கிவிடுவதுண்டு. அதற்காக மணம் குறைந்த எல்லோரும் பயப்பட வேண்டாம், வயதானாலே அது குறையும். பிறவி வகையில் கால்மன் நோய் குறிப்பிடத்தக்கது. பருவமடைதலைத் தூண்டும் செல்கள், கரு வளரும்போது முகர் நரம்பின் வழியைப் பிடித்துத்தான் மூளைக்குள் போகின்றன. அந்த வழி சரியாக அமையாவிட்டால் முகர்வும் பருவமடைதலும் சேர்ந்து கெடும். பதினாறு வயதாகியும் பருவமடையாத பிள்ளையிடம் "பூ வாசனை தெரியுமா?" என்று கேட்பது அதனால்தான்.

ருசி போனதாகத் தோன்றுவது ஏன் என்பதற்கு ஒரு கிண்ணம் ரசம் போதும். முகர்விழந்தவருக்குப் புளிப்பும் உப்பும் நாக்கில் தெரியும், மிளகின் காரமும் உறைக்கும். பெருங்காயம், சீரகம், கொத்தமல்லி மூன்றும் காணாமல் போயிருக்கும், ஏனென்றால் அவை வாயிலிருந்து பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் மணங்கள். வீட்டில் சோதித்துப் பார்க்கிறவர்கள் தைலத்தை முகரக் கொடுத்து ஏமாந்துவிடக் கூடாது. தைலத்தின் குளிர்ச்சியையும் எரிச்சலையும் முகத்தின் தொடுவுணர்வைக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பு தனியாக உணர்ந்துவிடும். கண்ணை மூடச் சொல்லிக் காப்பித் தூளைக் காட்டுங்கள்.

முகர் நரம்புச் செல்கள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைப்பவை. அதை நம்பித்தான் முகர்வுப் பயிற்சி இருக்கிறது. 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழுவினர் வெளியிட்ட முறையில் ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் தினமும் இருவேளை, 12 வாரம் முகர்ந்தார்கள். எல்லோருக்கும் பலன் தராது, ஆனால் கெடுதலும் இல்லை. மீண்டு வரும் நடுவில் நல்ல காப்பியே கருகல் வாடையாக அடிக்கலாம். பாரோஸ்மியா எனப்படும் இந்த முகர்வுத் திரிபு, வைரஸ் தாக்கிய பிறகு வந்தால் பெரும்பாலும் நரம்பு மீள்வதன் அறிகுறி. இல்லாத வாடை அடிப்பது ஃபேன்டோஸ்மியா, அதைப் பொய்முகர்வு எனலாம்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டான் சேர்க்கிறார்கள். முகர்விழந்தவர் தனியாகச் சமைக்கும் வீட்டில் அந்த எச்சரிக்கை பயன்படாது. கசிவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவி ஒன்றைத் தரைக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள், சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது.