கேஸ்: பேரெழுத்தா, தலைப்பெழுத்தா?

வேர்டு மென்பொருளில் ஆங்கிலத் தலைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஷிப்ட் விசையோடு எஃப்3 விசையைத் தட்டிப் பாருங்கள். எழுத்துகள் எல்லாம் ‘கேபிடல்’ எனப்படும் பெரிய எழுத்துகளாகும். மறுபடி தட்டினால் சிறிதாகும், அல்லது சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிதாக நிற்கும். இந்த வசதிக்கு ‘சேஞ்ச் கேஸ்’ என்று பெயர். இதில் வரும் ‘கேஸ்’ எந்தக் கேஸ்?

நீதிமன்ற வழக்கைச் சொல்லும் கேஸும், இலக்கணத்தில் வேற்றுமையைச் சொல்லும் கேஸும் ஒரே வேரில் கிளைத்தவை. லத்தீனில் ‘காசுஸ்’ என்றால் விழுதல், நேர்தல். இங்கே வருவது அச்சுத் தொழிலின் கேஸ், அது வேறு குடும்பம். பெட்டி என்று பொருள்படும் ‘காப்சா’ என்ற லத்தீன் சொல்லே பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து இந்த உருவம் எடுத்தது. எழுத்தும் ஒலியும் ஒத்துப்போனதால் அகராதியைத் திறந்தவுடன் ‘வேற்றுமை’ முன்னால் வந்து நிற்கும். அதை எடுத்து ‘வேற்றுமையை மாற்று’ என்று பெயர்த்தால், ‘ஐ’ உருபை எடுத்துவிட்டு ‘ஆல்’ உருபைப் போடச் சொன்னதாக ஆகிவிடும்.

பெட்டி எப்படி எழுத்துக்குப் பெயரானது? ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்தில், அச்சுக் கோப்பவர் முன்னால் அறை அறையாகத் தடுத்த இரண்டு மரத் தட்டுகள் சாய்வாக, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். எப்போதாவது தேவைப்படும் பெரிய எழுத்துகள் மேல் தட்டில். வரிக்கு வரி வேண்டியிருக்கும் சின்ன எழுத்துகள் கைக்கு எட்டும் கீழ்த் தட்டில். அதிலும் அதிகம் புழங்கும் எழுத்துக்குப் பெரிய அறை. ‘அப்பர் கேஸ்’, ‘லோயர் கேஸ்’ என்பவை அந்தத் தட்டுகள் இருந்த இடத்தைச் சொன்ன பெயர்கள், அவ்வளவுதான். 1683-ல் ஜோசப் மாக்ஸன் என்ற ஆங்கிலேயர் அச்சுக்கலை பற்றி எழுதிய நூலிலேயே இந்தப் பெயர்களைப் பார்க்கலாம். தட்டுகள் போய்விட்டன, பெயர் நிலைத்துவிட்டது.

‘கேபிடல்’ என்பதற்குத் தனிக் கதை. லத்தீனில் ‘காபுட்’ என்றால் தலை, அதிலிருந்து பிறந்த சொல் இது. பழைய ரோமானியக் கல்வெட்டுகள் முழுக்கப் பெரிய எழுத்துகளே. சின்ன வடிவங்கள் பிற்காலத்தில் கையெழுத்துப் படிகளில் வளர்ந்து, பிராங்கியப் பேரரசர் சார்லமேன் ஆட்சிக் காலத்தில், கி.பி. 800-ஐ ஒட்டி, சீரான உருவம் பெற்றன.

தமிழில் இப்படி ஒரு பிரிவே இல்லை. லத்தீன், கிரேக்கம், சிரில்லிக், ஆர்மீனியம் போன்ற சில வரிவடிவங்களுக்கே இந்த இரட்டை வழக்கம் உண்டு. ஒருங்குறியும் (யுனிகோட்) தமிழ் எழுத்துகளைப் பெரிது, சிறிது என்று பிரிக்காத வகையில்தான் வைத்திருக்கிறது. இல்லாத ஒன்றுக்குப் பெயர் தேடும்போது, ஏற்கெனவே வேறு வேலை பார்க்கும் சொல்லைப் பிடித்து இழுத்துவிடும் ஆபத்து அதிகம்.

‘தலைப்பெழுத்து’ என்று சொல்லலாமே, ‘காபுட்’ என்பதற்கும் நேராக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பெயருக்கு முன்னால் போடும் இனிஷியலை நாம் அப்படித்தான் அழைக்கிறோம். ‘முதலெழுத்து’ என்றால் உயிர் 12, மெய் 18, ஆக 30 எழுத்துகள். இலக்கணம் அதை எடுத்துக்கொண்டு நெடுங்காலம் ஆகிறது. ‘நெட்டெழுத்து’ என்றால் நெடில். மிஞ்சுவதில் எனக்குப் பிடித்தது ‘பேரெழுத்து’, ‘சிற்றெழுத்து’ என்ற இணை. பேரரசு, சிற்றரசு எப்படிப் புணர்ந்தனவோ அப்படியே இவையும்: பெருமையில் ‘மை’ கெட்டு முதல் நீண்டது, சிறுமையில் ‘மை’ கெட்டு ஒற்று இரட்டித்தது. நன்னூல் சொன்ன வழியிலேயே பிறந்த சொற்கள். பேச்சில் ‘பெரிய எழுத்து, சின்ன எழுத்து’ என்பதும் பிழையில்லை. ஆனால் எழுதும்போது, எழுத்தின் அளவைக் கூட்டச் சொல்கிறோமோ என்ற ஐயம் வரும். 12 புள்ளியை 18 புள்ளி ஆக்குவது வேறு, சிற்றெழுத்தைப் பேரெழுத்து ஆக்குவது வேறு.

இரண்டுக்கும் பொதுவான ‘கேஸ்’ என்பதற்கு ‘எழுத்துநிலை’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘தட்டு’ என்று மூலத்தை அப்படியே பெயர்த்தால் இன்றைய வாசகருக்கு ஒன்றும் விளங்காது. ‘நிலை’ என்றால் மற்றவையும் இயல்பாக அமைகின்றன. முதல் சொல்லும் சிறப்புப் பெயர்களும் மட்டும் பேரெழுத்தில் தொடங்கினால் வாக்கியநிலை. முக்கியச் சொற்கள் எல்லாமே பேரெழுத்தில் தொடங்கினால் தலைப்புநிலை. எவை முக்கியம் என்பதில்தான் சண்டை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடைக் கையேடு, நான்கு எழுத்தும் அதற்கு மேலும் உள்ள சொற்களுக்கெல்லாம் பேரெழுத்து கேட்கிறது. சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் சிகாகோ கையேடு நீண்ட காலம் ‘இன்’, ‘பிட்வீன்’ போன்ற முன்னிடைச்சொற்களைச் சிற்றெழுத்திலேயே வைத்திருந்து, 2024-ல் வந்த 18-ஆம் பதிப்பில் ஐந்தெழுத்தும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குப் பேரெழுத்து கொடுத்தது. எதைப் பின்பற்றினாலும் ஒரே ஆவணத்துக்குள் மாறாமல் பின்பற்றுங்கள்.

இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டிய தேவை, எழுத்துநிலையை மென்பொருள் தானாக மாற்றும் இடத்தில் வருகிறது. லேடெக் என்ற ஆவண அச்சுக்கோப்பு மென்பொருளில் புத்தக வகை ஆவணம் தொடங்கினால், பக்க உச்சியில் ஓடும் தலைப்பு தானாகவே முழுப் பேரெழுத்தாகிவிடும். தமிழ் எழுத்துகள் அசையாமல் இருக்கும், நடுவே இருக்கும் ஆங்கிலக் குறியீடு மட்டும் உருமாறும். எம் சிற்றெழுத்தாக, டபிள்யூ பேரெழுத்தாக இருந்தால் மில்லிவாட். இரண்டும் பேரெழுத்தானால் மெகாவாட். நூறு கோடி மடங்கு வித்தியாசம்! சி-க்குப் பின் சிற்றெழுத்து ஓ வந்தால் கோபால்ட் என்ற உலோகம், அதே ஓ பேரெழுத்தானால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. லேடெக்குக்கு மேற்கோள் நூற்பட்டியல் அமைத்துத் தரும் பிப்டெக்கில் ஆபத்து எதிர்த் திசையில்: அதன் பல நடைகள் கட்டுரைத் தலைப்பைச் சிற்றெழுத்தாக்கும்போது டிஎன்ஏ போன்ற சுருக்கங்களையும் சேர்த்துக் குறுக்கிவிடும். மாறக்கூடாத சொல்லை நெளிவு அடைப்புக்குள் வைத்தால் தப்பிக்கும். லேடெக் தலைப்பில் அதே காவலுக்கு ‘நோகேஸ்சேஞ்ச்’ என்ற கட்டளை உண்டு.

தமிழ்த் தலைப்பை எடுப்பாகக் காட்ட நமக்கு எழுத்துநிலை தேவையில்லை. அளவு, தடிமன், மேலும் கீழும் விடும் வெற்றிடம் ஆகியவையே போதும். ஆகவே முழுக்கத் தமிழில் அமையும் நூலில், தலைப்பைப் பேரெழுத்தாக்கும் அந்தக் கட்டளையை வார்ப்புருவிலிருந்தே நீக்கிவிடுவது என் வழக்கம்.