சோற்றுப் பார்சலை எப்போதுதான் பிரிப்பது?

போன கிழமையும் ஒரு பிள்ளை என்னிடம் வந்தது. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. சேலைப் பெட்டிகளுக்குப் பின்னால் குந்திப் பார்சலைப் பிரித்ததும் "கஸ்டமர்!" என்று சத்தம் வருமாம். கறிக் கையைத் துடைத்துக்கொண்டு ஓட வேண்டும். திரும்பி வரும்போது சோறு காய்ந்திருக்கும், சில நாள் எறும்பும் ஏறியிருக்கும். "ஆனால் முதலாளி நல்லவர் சேர், சாப்பிட விடுவார்" என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அந்தக் கடைசி வசனத்தில்தான்.

விடுவதற்குச் சாப்பாட்டு நேரம் என்ன அவர் வீட்டுச் சொத்தா? 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. சாப்பாட்டு இடைவேளை இந்த 8க்குள் சேராது.

இதைத்தான் எத்தனை தரம் சொன்னாலும் விளங்கிக்கொள்கிறார்கள் இல்லை. காலை 9க்கு வந்து மாலை 6க்குப் போகிறீர்கள். கடையில் இருந்தது 9 மணித்தியாலம். சாப்பாட்டுக்கு ஒன்றைக் கழித்துத்தான் முதலாளி 8 என்று எழுதுகிறார். பத்து நிமிஷத்தில் விழுங்கிவிட்டுக் கவுண்டருக்கு ஓடினால், மீதி 50 நிமிஷமும் வேலை. ஐந்து நாளைக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல். மாதத்தில் இரண்டு நாள் உழைப்பு. அது மேலதிக நேரம், ஒன்றரை மடங்கு கணக்கு. உங்களுக்கு ஒரு சதமும் வருவதில்லை.

"கஸ்டமர் வந்தால் பார்க்கத்தானே வேணும்" என்பார்கள் முதலாளிமார். கடையைப் பூட்டச் சொல்லவில்லை ஐயா. பாதிப் பேரை 12க்கும் மீதிப் பேரை 1க்கும் அனுப்புங்கள். புதுக்கடை நீதிமன்றத்தில் எவ்வளவு பெரிய வழக்கு நடந்தாலும் மத்தியானம் நீதிபதி சாப்பிட எழும்பித்தான் போகிறார்.

தையல் தொழிற்சாலைகளுக்குத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பெண்களிடம் அரை மணித்தியால இடைவேளை கொடுக்காமல் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரேயடியாக வேலை வாங்கக்கூடாது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு 9 மணித்தியாலத்துக்குள் இரண்டு தனி இடைவேளை உண்டு: வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிப்பு இடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரத்தில் அதைக் கழிக்க ஏலாது.

தங்கச்சிமாரே, தம்பிமாரே, கோபத்தில் வேலையை விட்டுவிட்டு என்னிடம் வராதீர்கள். முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தீர்கள், எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் ஞாபகத்தில் எழுதுவது உதவாது. வெற்றுத் தாளில் கையெழுத்து வைக்கவே வைக்காதீர்கள். பிறகு நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்கோ பக்கத்துத் தொழில் அலுவலகத்துக்கோ எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், தமிழிலேயே. பெயரை வெளியில் விட வேண்டாம் என்றும் அதில் குறிப்பிடுங்கள். நியமனக் கடிதத்தின் பிரதியையும் இணையுங்கள். அப்படியொரு கடிதமே தரவில்லை என்றால், அதையும் அதே முறைப்பாட்டில் எழுதுங்கள்.